கதவுக்குக் குறுக்கே ஒரு ஒயர்

எங்கள் வீட்டையும் என் ஓரகத்தி வீட்டையும் பிரிப்பது ஒரு சுவரும் அதில் ஒரு மரக் கதவும். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கதவு வைத்தார்கள். அதை நாங்கள் மூடியதே இல்லை. முதலில் மூடத் தோன்றவில்லை. பிறகு மூட முடியவில்லை, அதன் வழியாகத்தான் இன்டர்நெட் ஒயர் வந்தது.

இணைப்பு வாங்கியது ஓரகத்தியின் மகள். ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ரூட்டர் அவர்கள் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில். அங்கிருந்து நீல ஒயர் தரையோடு ஊர்ந்து, கதவைத் தாண்டி, என் கம்ப்யூட்டரின் முதுகில் ஏறும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு பேட்டர்ன் போடுகிறவள் நான். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பச் சொன்னார்கள். என் படம் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே தோலை வெட்ட முடியும்.

ஒயரின் ரூட்டர் முனையில் இருந்த பிளாஸ்டிக் கொக்கி எப்போதோ உடைந்துவிட்டது. அக்கா பெருக்கினாலே கழன்றுகொள்ளும். "க்கா, நெட்டு போச்சு" என்பேன். "இரு, வர்றேன்" என்று வந்து சொருகுவாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஆனால் எங்களுக்குள் வா, போ என்றுதான் பேச்சு.

அந்தப் பேச்சு நின்றது என் வாயால்.

எனக்குக் குழந்தை இல்லை. அக்கா மகள் பாதி நாள் என் வீட்டில்தான் சாப்பிட்டாள், என் வீட்டில்தான் தூங்கினாள். அவளைப் பெண் பார்க்க வந்தபோது நான் வேலூரில் டாக்டரிடம் முட்டியைக் காட்டிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் பிடித்துப்போய் முடிவும் செய்துவிட்டார்கள். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நேராக வந்து கதவருகில் நின்று கேட்டேன்.

"கொழந்த இல்லாதவ கண்ணு பட்டுடும்னுதான எங்கிட்ட சொல்லல?"

அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள் என்று பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார். அதற்குள் சொன்னதைச் சொல்லியாகிவிட்டது. கல்யாணத்துக்கு விருந்தாளி மாதிரி போய் விருந்தாளி மாதிரி வந்தேன். பெண் ஓசூருக்குப் போய்விட்டாள். அக்காவும் நானும் ஐந்து மாதம் பேசவில்லை.

ஆனால் ஒயர் சும்மா இருக்குமா? அது பாட்டுக்குக் கழன்றது. கூப்பிடவும் முடியாது, வேலையும் நிற்கக் கூடாது. வீட்டில் யாருமே இல்லாதபோது, "சே, நெட்டு போச்சே" என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வேன். இரண்டு நிமிடத்தில் கம்ப்யூட்டரின் முதுகில் பச்சை விளக்கு எரியும். அக்கா ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள்.

ஒரு தடவை அவள் ஒடுகத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஒயர் கழன்று கிடந்தது, பேச்சில்லாத வீட்டுக்குள் நானாகப் போய்ச் சொருக மனம் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நெட் இல்லை. கம்பெனியில் மேனேஜர், "இன்னாம்மா இது, உன்னால இங்க எல்லாம் நிக்குது" என்று சத்தம் போட்டார். இனி யார் தயவும் வேண்டாம், ஒயரே இல்லாமல் செய்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். வீம்புதான், வேறென்ன?

எங்கள் தொழிலில் எதையும் முதலில் அட்டையில் வெட்டிப் பார்ப்போம். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் வைஃபை கார்டு உட்காரும் இடத்தை ஸ்கேலால் அளந்து, அட்டையில் வெட்டி, பையில் போட்டுக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தான் எடுத்து வைத்திருந்த கார்டை அதன் மேல் வைத்துப் பார்த்தார். கார்டின் தகடு அரை மடங்கு அதிக நீளம். சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் குட்டைத் தகடு போட்டதை எடுத்து வந்தார்.

"பென் டிரைவ் மாதிரி சொருகறதும் இருக்கு. ஒரே ரூமுன்னா அது போதும். ரூட்டருக்கும் உங்களுக்கும் நடுவுல எத்தன செவுரு?"

"ஒண்ணு. அதுல ஒரு கதவு."

"கதவு தொறந்திருக்குமா, சாத்தியிருக்குமா?"

சாதாரணக் கேள்விதான். அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"சாத்திதான் இருக்கும்" என்றேன்.

"அப்ப ரெண்டு ஆன்டெனா வெச்ச இந்தக் கார்டே எடுத்துக்குங்க."

மறுநாள் காலை கரண்ட்டை நிறுத்தி, பெட்டியைக் கழற்றினேன். உள்ளே ஒரு படி தூசி. துடைத்துவிட்டு, கார்டைப் பள்ளத்தில் வைத்து இரண்டு பெருவிரலாலும் அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. திருகை முடுக்கி, ஆன்டெனா இரண்டையும் மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டேன். கார்டுக்கான சாஃப்ட்வேரை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும் என்றது. ஒயரைத் துரத்துவதற்கும் ஒயரே வேண்டியிருந்தது. பாதி இறங்கும்போது அந்தப் பக்கம் விளக்குமாற்றுச் சத்தம். நெட் போய்விட்டது.

"சே, நெட்டு போச்சே."

பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாம் முடிந்து வைஃபை பெயர் வந்தது. கீழே பாஸ்வேர்டு கேட்டது. இத்தனை அளவு எடுத்தவளுக்கு இது ஒன்று தோன்றவில்லை. ஒயருக்குப் பாஸ்வேர்டு கிடையாதே! இதைச் சுவரைப் பார்த்துச் சொல்லி வாங்க முடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"அக்கா."

விளக்குமாறு நின்றது. "ஒயர சொருகிட்டனே" என்றாள்.

"ஒயரு இல்லக்கா. வைஃபை பாஸ்வேர்டு வேணும். கார்டு போட்டிருக்கேன். இனிமே ஒயரு வேணாம்."

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பாப்பா சொல்லிட்டுப் போயிருக்கா. நானே வந்து அடிக்கிறேன்."

புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஒயரைத் தாண்டி வந்தாள். ஐந்து மாதத்தில் இளைத்திருந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாவது தடவை கனெக்ட் ஆனது. நான் என் கையாலேயே ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன். நெட் ஜோராக ஓடியது.

"முட்டி எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"பரவால்ல. வலி கம்மிதான்."

எழுந்தாள். கதவருகில் போய், தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தபடி நின்றாள். "அப்ப கதவ சாத்திக்கவா?"

நான் ஆசைப்பட்டு, அளவெடுத்து, பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தது இதைத்தான். மன்னிச்சிடுக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு என்னவோ வந்தது.

"ஒயரு இருக்கட்டும்க்கா. மழ வந்தா வைஃபை எடுக்காது."

பச்சைப் பொய்.

"மழைக்கு எடுக்காதா?"

"எடுக்கவே எடுக்காது."

"ஒரே பேஜார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

நாலைந்து நாள் கழித்து, ஊரிலிருந்து வந்த வேர்க்கடலையை வேகவைத்துவிட்டு, "வா, வந்து சாப்புடு" என்று கூப்பிட்டாள். போனேன். கூடத்தைத் தாண்டும்போது கண் ரூட்டர் பக்கம் போனது. ஒயர் இருந்த இடத்தில் டிவிக்குப் போகும் புது ஒயர் இருந்தது. பழைய நீல ஒயர் எதிலும் சொருகியிருக்கவில்லை. அதன் முனையை, நகராதபடி, ஒரு துண்டுத் துணியால் மேசைக் காலோடு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். என் பக்கத்து முனையும் சும்மாதான் கிடந்தது. ஒயர் மட்டும் பழையபடி கதவுக்குக் குறுக்கே நீண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

அடுப்பைப் பார்த்து நின்றவள் திரும்பவில்லை. புறங்கையால் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அத இப்ப எதுக்கு பேசற? கால்ல ஒயரு தடுக்கப் போவுது, பாத்து வந்து உக்காரு."