அஞ்சலை பாடாத பாட்டு

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை உடைக் கடைக்குப் போயிருந்தேன். மகளின் பள்ளியில் பண்பாட்டு நாள். ஆளுக்கு ஒரு வேடம் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். கடைக்குள் நுழைந்ததும் அந்துருண்டையும் ஜிகினாவும் யார் யாருடைய பழைய வியர்வையோ கலந்த ஒரு வாசனை. பள்ளிக்கூட நாடகத்தில் ஒரே ஒரு முறை மரமாக நின்றவருக்குக்கூட அந்த வாசனை தெரியும். கடைக்காரர் கழியை உயர்த்தி, மேலே தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் இலைப் பாவாடை ஒன்றை இறக்கினார்.

"இத்த எடுத்துக்கங்க மேடம். ட்ரைபல் செட்டு. இல, ஈட்டி, தலைக்கு எறகு எல்லாம் சேந்து வரும். இதான் ஜாஸ்தி போவுது."

மகள் கையை நீட்டிவிட்டாள். நான் "வேணாம்" என்று சொன்ன வேகத்தில் கடைக்காரர் கழியோடு ஓரடி பின்னால் போனார். கடைசியில் காஷ்மீர் உடை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தோம். இலைப் பாவாடை ஏன் வேண்டாம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அரிக்கும் என்று சொல்லிவைத்தேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் படித்தேன். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் போடும் குடும்பம் எங்களுடையது. பஸ்ஸில் தினம் போய்வர முடியும் என்றாலும் அடம்பிடித்து விடுதியில் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் என்னைக் கலை விழாச் செயலாளர் ஆக்கினார்கள். திறமை காரணமில்லை. மைக் பழுதானாலும் கடைசி வரிசை வரை கேட்கும் குரல் எனக்கு. வேறு யாரும் அந்தப் பதவிக்குப் போட்டியும் போடவில்லை.

அந்த ஆண்டு விழாவின் தலைப்பு 'வேற்றுமையில் ஒற்றுமை'. கல்லூரிக்குக் கலையரங்கம் கிடையாது. சிமெண்ட் ஷீட் போட்ட நீளமான கொட்டகையில், நான்கு பெஞ்சுகளைச் சேர்த்து மேலே ஜமுக்காளம் விரித்தால் அதுதான் மேடை. வெயில் ஏறினால் ஷீட் படபடவென்று சத்தம் போடும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு மாநிலம் கொடுத்தோம். ரிஷிவந்தியத்திலிருந்து வந்த நான்கு பேர் பஞ்சாபிகள். பஞ்சால் ஒட்டிய தாடி ஒத்திகையிலேயே இரண்டு பேருக்குக் கழன்று வாய்க்குள் போனது. களமருதூர்ப் பெண் ஒருத்தி குஜராத். குஜராத் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. எல்லோரும் வேறு யாரோவாக மாறுவதில் ஒரு சந்தோஷம் இருந்தது, அவ்வளவுதான்.

அஞ்சலை என் அறைத் தோழி. கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே போகவேண்டிய ஊர் அவளுடையது. அவர்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். விடுதிச் சாம்பாரை முகர்ந்தே அன்றைக்குச் சமைத்தது யார் என்று சொல்லிவிடுவாள். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் என் துணியையும் சேர்த்துத் துவைத்தவள். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டாள். என்னை மட்டும் எப்போதும் அதட்டுவாள். "இன்னாடீ, இன்னும் தூங்கிக்கினு இருக்கற?" என்பதுதான் என்னுடைய அலாரம்.

விழாவில் நானும் ஒரு பாட்டுப் பாடட்டுமா என்று அவளாகவே கேட்டாள். துணி துவைக்கும் கல் அருகே நின்று பாடிக்காட்டினாள். சாமைக் காட்டில் களை எடுக்கும்போது பெண்கள் வரிசையாக நின்று பாடும் பாட்டு. மலையில் ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பேர் இருக்கிறதாம். அந்தப் பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இந்த வருஷம் எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்கிற பாட்டு. கருங்காலி மேடு, நரிப்பள்ளம். எனக்கு இந்த இரண்டு பேர்தான் நினைவில் இருக்கின்றன. அவள் பாடும்போது நான் கையில் இருந்த நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாட்டு நல்லாதான் இருக்குது. ஆனா ஸ்லோவா போவுது அஞ்சல. ஸ்டேஜ்ல எடுபடாது" என்றேன். பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இலை கட்டி, ஈட்டி பிடித்து, மேளச் சத்தத்துக்கு ஆறு பேர் குதித்து ஆடினால் கொட்டகை அதிரும் என்று சொன்னேன். மலைவாழ் மக்கள் நடனம்.

அவள் சிரித்துவிட்டாள். "எங்கூர்ல யாருடீ இல கட்டிக்கினு சுத்தறாங்க? எங்கம்மா பொடவதான் கட்டுது. எங்கப்பா சட்ட போட்டுக்கினுதான் சந்தைக்குப் போவுது."

"எனக்குத் தெரியும்டீ. பாக்கறவங்களுக்குத் தெரியணும் இல்ல? பொடவ கட்டிக்கினு நின்னா நீ மலைன்னு யாருக்குப் புரியும்?"

அவள் துவைத்த துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "உனக்காவ ஆடறன்" என்றாள். அந்தச் சொல்லை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

விழா அன்று மத்தியானம் கரிப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஆறு பேருக்கும் பூசினோம். அஞ்சலைக்கு நானே பூசினேன். "நான் இன்னா கம்மியாவா கறுப்பா இருக்கன்?" என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிகழ்ச்சித் தொகுப்பும் நான்தான். அந்த நடனத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்து முன்னுரை எழுதியிருந்தேன். "நாகரிகத்தின் நிழல் படாத நம் மலைகளின் மைந்தர்கள் இதோ வருகிறார்கள்" என்று தொடங்கும். 'நிழல் படாத' என்ற சொல்லில் எனக்கு அப்படி ஒரு பெருமை. குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். மேளம் தொடங்கியது. ஆறு பேரும் குதித்து வந்தார்கள். கொட்டகை முழுக்க ஊளை. வாயைப் பொத்திப் பொத்தி எடுத்துக் கத்தினார்கள். விசில் பறந்தது. நான் எதிர்பார்த்தது போலவே கொட்டகை அதிர்ந்தது.

நடுவில் அஞ்சலையின் கால் மட்டும் நின்றுவிட்டது. ஈட்டியைப் பிடித்தபடி கொட்டகையின் கடைசியையே பார்த்தாள். ஆட்டம் மறந்துவிட்டது என்று நினைத்து, "ஆடுடீ, ஆடு" என்று ஓரத்திலிருந்து சைகை காட்டினேன். மறுபடி ஆடினாள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஆட்களைக் கூப்பிட நான் வெளியே வந்தபோது வாசல் வேப்பமரத்தடியில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். புது வெள்ளைச் சட்டை. பெட்டியில் மடித்திருந்த கோடுகள்கூட இன்னும் கலையவில்லை. கையில் ஒரு துணிப்பை.

"அஞ்சல கூடப் படிக்கிற பொண்ணாம்மா? மைக்குல பேசினது நீதான?"

"ஆமாங்க."

"நான் அதுக்கு அப்பாம்மா. நல்லா பேசினம்மா" என்றார்.

குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். அவர் மனதாரச் சொன்னார். பிறகு பையை என்னிடம் நீட்டினார். உள்ளே பலாச்சுளை. மலைப் பலாவின் வாசனை குப்பென்று வந்தது.

"பாட்டு பாடறன்னு சொல்லிச்சி. அதான் வந்தன். பஸ்ஸுக்கு நேரமாவுது. இத்த அதுகிட்ட குடுத்துடும்மா."

"இருங்க, அவள கூட்டிக்கினு வரன்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. உள்ளே என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். பையை வாங்கிக்கொண்டு மைக்குக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது வெள்ளைச் சட்டை பஸ் நிலையம் போகிற பாதையில் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் மலை நடனத்துக்குத்தான் முதல் பரிசு. கேடயத்தைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு வந்தால் அஞ்சலை குளியலறையில் இருந்தாள். துணிச்சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே கேடயத்தோடும் பலாச்சுளையோடும் வெகுநேரம் நின்றேன். வெளியே வந்தாள். காதுக்குப் பின்னால் இன்னும் கறுப்பு ஒட்டியிருந்தது.

"எங்கப்பா பாத்துச்சு" என்றாள்.

"நல்லா பேசினன்னு சொன்னாருடீ" என்றேன். இவ்வளவு பேர் இருக்கிற உலகத்தில் அந்த நேரத்தில் அந்தப் பதிலைச் சொல்ல என்னால்தான் முடியும்.

அவள் கோபித்துக் கத்தியிருக்கலாம். கல்லூரியை விட்டுப் போயிருக்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. பலாச்சுளையை அறையில் எல்லோருக்கும் பங்கு போட்டாள், எனக்கும் கொடுத்தாள். அடுத்த மாதம் வேறு அறைக்கு மாறிக்கொண்டாள். அங்கே காற்று வருகிறதாம். மூன்றாம் ஆண்டில் ஒருமுறை, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, அந்தப் பாட்டைப் பாடேன் என்று கேட்டேன். "மறந்துட்சி" என்றாள். பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு ஒரு வருஷத்தில் மறக்காது. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் பி.எட்., வேலை, கல்யாணம் என்று ஓடிவிட்டது. சும்மா இருப்பதற்கு எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் தேர்தல் பணி போட்டபோது எனக்கு மலை மேல் ஒரு வாக்குச்சாவடி விழுந்தது. முதல் நாளே சாமான்களோடு போய் இறங்கினோம். ஊர்ப் பேரைக் கேட்டதும் பக்கத்து ஊர்தான் அஞ்சலையுடையது என்று தெரிந்தது. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லி நடந்தேன். வழி நெடுக இரண்டு பக்கமும் மரவள்ளி.

அவளுடைய அம்மா வீட்டு வாசலில் துவரை புடைத்துக்கொண்டிருந்தார். அஞ்சலை கூடப் படித்தவள் என்றதும் பாய் எடுத்துப் போட்டார். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறதாம். அஞ்சலை சேலத்துப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. நான் சுற்றி வளைத்துக் களையெடுக்கும் பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"சாமை எங்கம்மா போடறாங்க? எல்லாம் மரவள்ளிதான். லாரி வந்து ஏத்திக்கினு போவுது. அதுக்கு எதுக்குப் பாட்டு?" என்றார். பிறகு அவராகவே மகளுக்குப் போன் போட்டு, உன் கூட்டாளி வந்திருக்கிறாள் என்று சொல்லி என்னிடம் நீட்டினார்.

அவளுடைய குரல் கொஞ்சம் கனத்திருந்தது. "எப்டி இருக்கீங்க?" என்றாள்.

எலக்ஷன் டூட்டிக்கு வந்தேன் என்றேன். "நானும் டூட்டிலதாங்க இருக்கன். இப்பதான் மிஷின் வந்து எறங்குச்சி" என்றாள். எனக்கு என்ன வேலையோ அதே வேலைதான் அவளுக்கும், அதே நாளில்.

"அஞ்சல, அன்னிக்கு விழாவுல... நான் அப்டி செஞ்சிருக்கக் கூடாது. உங்கப்பாகிட்டயும்..." என்று இழுத்தேன்.

"அட, அத்தயெல்லாம் யாருங்க ஞாபகம் வெச்சிக்கினு இருக்கறது? அம்மாகிட்ட சொல்றன், சாப்டுட்டுப் போங்க" என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. யார் கேட்டாலும் நல்ல மனுஷி என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு ஒரு 'ங்க' போட்டால் போதும். எனக்கு அதைப் போட அவளுக்கு ஒரு அவசியமும் கிடையாது. ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே சம்பளம். அவளுடைய அம்மா போட்ட சோற்றைத் தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். என்னை 'டீ' போட்டு அதட்ட இந்த உலகத்தில் ஒருத்தி இருந்தாள். இப்போது இல்லை.