செவ்வாய்க்கிழமை கடை இல்லை

அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஹலால் கறிக்கடை இருக்கிறது. கறி வெட்டுவது என் கணவர், கல்லாவில் நான். வீடு மாடியில். பெருநாள்களைத் தவிர நாங்கள் கடையை மூடியதே இல்லை. வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போகும் நேரம் மட்டும் ஷட்டர் பாதி இறங்கும்.

போன வருஷம் அவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. ஊசி போட்ட டாக்டர், வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். அந்த ஒரு நாளைத் தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும் குடும்பங்கள் எல்லாம் எங்கள் வாசலில்தான். சனிக்கிழமை பிரியாணிக்கு வாங்க ஐடி கம்பெனிப் பிள்ளைகள் வருவார்கள். சூடானிலிருந்து படிக்க வந்த பையன்கள் திங்கட்கிழமை மொத்தமாக வாங்கிப் போவார்கள். செவ்வாய்க்கிழமைதான் சந்திலிருக்கும் தமிழ் வீடுகளில் கவுச்சி சமைப்பதில்லை. அன்றைக்கு விடுமுறை என்று அட்டையில் எழுதி ஷட்டரில் ஒட்டினேன்.

முதல் செவ்வாயே காலையில் ஷட்டரைத் தட்டினார்கள். பக்கத்தில் கட்டிட வேலை செய்யும் அசாம்காரர்கள். அவர்களுக்கு அன்றைக்குத்தான் வேலை இல்லையாம். இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை, இறங்கிப் போய்விட்டார். அடுத்தடுத்த செவ்வாயும் அப்படியேதான் போனது. சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

அப்புறம் ஒரு செவ்வாய், கேரளாவிலிருந்து வந்து இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண் கீழே நின்று போன் செய்தாள். இரவு டூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். இவரை அண்ணன் முறையில் 'இக்கா' என்றுதான் கூப்பிடுவாள். நானும் இவர் பின்னாலேயே இறங்கினேன். ஷட்டரை இடது கையால் தூக்கினார். கோழியை எடுத்துக் கட்டையில் வைத்துக் கையை ஓங்கும்போது கத்தி நழுவிக் கீழே விழுந்தது.

கையைத் தூக்கிக் காட்டச் சொன்னாள் அவள். ஒன்றுமில்லை என்று சிரித்தபடியே தூக்கினார். தோள் உயரத்துக்கு மேல் கை போகவில்லை.

"இக்கா, எனக்குக் கோழி வேண்டாம். நீங்க மேலே போங்க."

"ராத்திரியெல்லாம் முழிச்சிட்டு வந்திருக்கீங்க சிஸ்டர். அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தந்துடறேன்."

"என் லீவு நாள்ல ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்தா எனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நானே அதைத்தான் உங்களுக்குப் பண்ணியிருக்கேன். இனிமே முந்தின நாளே வாங்கிக்கறேன்."

நாங்கள் வெளியே வந்ததும் ஷட்டரை அவளே இழுத்து இறக்கிவிட்டு, வெறும் பையோடு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

மேலே வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். நான் துண்டை வெந்நீரில் நனைத்துத் தோளில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப வலிக்குதுடி" என்றார். இத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதாவது சொன்னாரே என்றிருந்தது.

அதன் பிறகும் சில வாரம் ஷட்டரைத் தட்டினார்கள். நாங்கள் இறங்கவில்லை. சிலர் மெயின் ரோட்டுப் பெரிய கடைக்குப் போய்விட்டார்கள், திரும்பி வரவேயில்லை. அசாம்காரர்கள் மட்டும் கறி வாங்கும் நாளை மாற்றிக்கொண்டு வருகிறார்கள்.

தோள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. கோழியை இப்போது நான் வெட்டுகிறேன், ஆட்டுக்கறி மட்டும் அவர். செவ்வாய்க்கிழமை துணி துவைத்துப் போட்டுவிட்டு, சாப்பிட்டதும் இரண்டு பேரும் படுத்துவிடுகிறோம். சாயங்காலம் எழுந்தாலும் அசதி அப்படியேதான் இருக்கிறது.