ஒரு அளவு பெரிய பைண்டிங்

இரண்டாயிரங்களின் தொடக்கம். குளிர்காலம் முடியும் நேரத்தில், ஒஸ்லோவில் ஒரு கடையில் பாதி விலைக்குப் போட்டிருந்த, பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டை என் பத்து வயது மகளுக்கு வாங்கினேன். சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைத் தனியாக வாங்க வேண்டுமாம். கடைக்காரப் பெண் மகளின் சப்பாத்தை அளந்து சிறியதைத் தந்தாள். நான் பெரியதைக் கேட்டேன்.

“அப்பா, கால் ஆடுது.”

“வளருற பிள்ளை. பட்டியை இறுக்கிக் கட்டினால் சரி.”

அடுத்த குளிர்காலம் குரோருட் பனிச்சரிவில், திரும்பும்போதெல்லாம் குதிக்கால் நழுவி விழுந்தாள். எழும்பி, பனியைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இரண்டு வருடம் கழித்து, மூலையில் கிடந்த பலகையை எடுத்து வந்து போட்டுப் பார்க்கச் சொன்னேன். கச்சிதமாகப் பொருந்தியது.

“இப்ப சரி, அப்பா” என்றாள். கழற்றி வைத்துவிட்டு, சிநேகிதிகளோடு படம் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் கால் வளரும் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன்.