இறால் பழுதான கிழமையும் மாவோவின் கூட்டமும்

சீனச் சாப்பாட்டுக்கடை வேலையில் கஷ்டமானது கோப்பை கழுவுவது இல்லை, திங்கட்கிழமைக் கூட்டம்.

இறால்

சனிக்கிழமை காலை பெரிய ஃப்ரிட்ஜின் கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே இருந்த இறால் முழுக்கப் பழுது. முதலாளி மிஸ்டர் லியாங் ஒரு பெட்டியை மணந்து பார்த்துவிட்டு, முதல்நாள் கடைசிவரை குசினியில் நின்ற என்னைப் பார்த்தார். கடைசியாக அதைத் திறந்தது குகன் அண்ணை, எங்கள் கடையில் கோப்பை கழுவுகிறவர். எனக்கு அது தெரியும். முதல்நாள் அவருக்கு வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் இருந்து ஃபோன் வந்தது. ஒரே படகில் வந்த சிநேகிதன் இன்னும் உள்ளேதான். அண்ணை அழுதுகொண்டே வெளியில் ஓடியவர், கதவை மறந்துவிட்டார்.

அவர் படுப்பது கடைக்கு மேலே, முதலாளி கொடுத்த அறையில். வேலை போனால் அறையும் போகும். பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக விசாக்காரருக்குப் பரமட்டாவில் யார் லேசில் அறை கொடுப்பார்கள்? முதலாளிகளிடம் பேச்சு வாங்கிய உங்களுக்கு இது விளங்கும். என் முதலாளி எதையும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறவர் இல்லை. அவர் இங்கிலீஷில் சொன்னது இதுதான்: "திங்கட்கிழமை நீ எழும்பு. யார் செய்ததென்று எல்லாருக்கும் முன்னால் சொல்லு."

கூட்டம்

கடை திறக்கமுதல் எல்லாரும் வட்டமேசையைச் சுற்றி இருப்போம். ஒவ்வொருவராக எழும்பி முதலில் தன் குற்றத்தைச் சொல்லவேண்டும், பிறகு மற்றவனுடையதை. இது முதலாளியின் சொந்தக் கண்டுபிடிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குக் கோழி வெட்டிக்கொண்டிருந்த சமையல்காரர் மாஸ்டர் வூ சொன்னார், மாவோ காலத்தில் பள்ளிக்கூடம், தொழிற்சாலை, கிராமம் எல்லா இடமும் இப்படித்தானாம். மேலே இருந்த ஒருவர் நினைத்தது கீழே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்ததாம். பிள்ளைகள் வாத்திமாரைக் காட்டிக்கொடுத்தார்களாம். முதலாளியின் அப்பாவும் வாத்தியார். அவரிடம் படித்த பிள்ளைகளே அவரை மேடையில் ஏற்றிக் கத்தியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளையாக இருந்த முதலாளி கீழே நின்று அதைப் பார்த்தாராம்.

"அப்ப ஏன் அதையே இங்கேயும் செய்கிறார்?" என்று கேட்டேன். மாஸ்டர் வூ கத்தியைத் துடைத்தார். "அவனுக்கு வேறு மாதிரிக் கூட்டம் நடத்தத் தெரியாது."

பரீட்சை

நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன். முதலாளியின் மனைவி மிஸஸ் லியாங்குக்கு அது இறாலைவிடப் பெரிய பிரச்சினை. கன்பூசியஸின் நூல்களைப் படித்துப் பரீட்சை பாஸ் பண்ணியவர்கள்தான் நூற்றுக்கணக்கான வருஷம் சீனாவில் அதிகாரிகளாக இருந்தார்கள், ஏழை வீட்டுப் பிள்ளையும் பாஸ் பண்ணினால் மேலே போகலாம் என்று பெரிய பாடமே எடுத்தார். இங்கே என் யாழ்ப்பாணத்து அம்மா டியூஷன் டியூஷன் என்று அலைந்ததைப் பார்த்தால் கன்பூசியஸ் யாழ்ப்பாணத்துக்கும் போய் வந்திருப்பார்போல. எனக்குப் பரீட்சை பிடிக்காது, அவ்வளவுதான் என்றேன். மிஸஸ் லியாங் ஒரு மூட்டையை என் பக்கம் தள்ளினார். "பிடிக்காவிட்டால் வெங்காயம் உரி."

கொழும்புச் சைனீஸ்

அன்று பின்னேரம் நார்த்மீட்டில் இருந்து ஒரு அன்ரி வந்தா. டெவில் சிக்கன் வேணுமாம், கொழும்பில் இருக்கிற சைனீஸ் கடைகளில் தக்காளி சோஸ் போட்டுப் பிரட்டுகிற உறைப்புக் கோழி. அது சீனச் சாப்பாடே இல்லை, நான் சமைக்கமாட்டேன் என்று மாஸ்டர் வூ குசினிக்குள் நின்று கத்தினார். மிஸஸ் லியாங் விடவில்லை. மாவோவுக்குப் பிறகு வந்த டெங் சியாவ்பிங் வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் ஊரில் தங்கள் வீட்டாரும் கடை போட்டார்களாம், விற்கிறதுதான் சாப்பாடு என்று கடுமையாகச் சொல்லிவிட்டார். மாஸ்டர் வூ தக்காளி சோஸைப் பகையாளியைப் போலப் பார்த்து ஊற்றினார். அன்ரி ஒரு துண்டு வாயில் வைத்தா. "தம்பி, கொழும்புச் சைனீஸ் மாதிரி இல்லையே. இவையளுக்குச் சைனீஸ் சமைக்கத் தெரியாதோ?"

திங்கள்

கூட்டம் மாவோவுடையது, வரிசை கன்பூசியஸுடையது. மூத்தவர் என்று மாஸ்டர் வூ முதலில் எழும்பி, சூப்பில் உப்புக் கூடிப்போனது என்றார். வரிசையை விட்டு முதலாளி அடுத்ததாக என்னைக் காட்டினார். எழும்பினேன்.

"இறால்" என்றார் முதலாளி.

குகன் அண்ணை மேசைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரென்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். வேணுமென்றால் என்னை வேலையால் நிற்பாட்டுங்கோ."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். அப்போது குகன் அண்ணை எழும்பினார். "பாஸ், டோர்... மீ" என்று தன் நெஞ்சில் கைவைத்தார். ஏன் என்று முதலாளி கேட்டார். அண்ணை தமிழில் சொல்ல, அதை மட்டும் நான் இங்கிலீஷில் சொன்னேன். முகாம், சிநேகிதன், ஃபோன். முதலாளி மெதுவாகச் சொன்னார்: "இனி ஃபோன் வந்தால் முதலில் கதவைச் சாத்து. பிறகு அழு."

வேலை போகவில்லை, அறையும் போகவில்லை. வெளியில் வந்ததும் அண்ணை என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "விசரா, நீ சொல்லியிருந்தாலும் நான் கோவிச்சிருக்க மாட்டன்."

முதலாளி என்னைச் சும்மா விடவில்லை. அடுத்த திங்கள் எழும்பி, முதலாளி சொல் கேட்காதது என் குற்றம் என்று எல்லாருக்கும் முன்னால் ஒத்துக்கொள்ளவேண்டுமாம்.

அடுத்த திங்களும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கன்பூசியஸும் மாவோவும் டெங்கும் எவ்வளவு பெரிய நாட்டை எழுப்பி நிறுத்தியிருந்தாலும், நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.