இரண்டு துடுப்பும் எங்கள் கையில்

மூன்று வருடங்களுக்கு முன், ராகி அறுப்பு நடக்கும் சமயம். ஜவளகிரி போகும் வழியில் ஓர் ஏரிக்கரை. என் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனேன். ‘பார்த்த மாப்பிள்ளை’ என்பதுகூடச் சரியில்லை. அவளாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை.

நான் பிறந்தது கல்லாவி. கல்யாணம் ஆனதிலிருந்து ஓசூர் மூக்கண்டப்பள்ளி. கியர் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். நாள் முழுக்க ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்துப் பார்த்து, சரியில்லாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான் என்று என் கணவர் சொல்வார். சொல்லிவிட்டு உடனே வேறு அறைக்குப் போய்விடுவார்.

மகளுக்கும் அந்தப் பையனுக்கும் பெங்களூரில் வேலை. ஞாயிறானால் கயாக் என்கிற ஒல்லிப் படகைக் கார் மேல் கட்டிக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றுகிறவர்கள். இருவருக்கும் பழக்கம் ஆனதே அப்படித்தான். பையனின் அம்மா பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். வீட்டில் கன்னடம். தமிழும் நன்றாகவே பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து விழும்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் இருவருக்கும் முட்டிக்கொண்டது. நகைக்காக இல்லை, சீருக்காகவும் இல்லை. துடுப்புக்காக!

பையன் வைத்திருப்பது பழைய கால முறையில் செய்த மரத் துடுப்பு. எங்கோ பனி நாட்டில் படகிலேயே வேட்டைக்குப் போனவர்கள் வைத்திருந்த மாதிரியாம். இரண்டு முனையிலும் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒல்லிப் பட்டை. அவனே இழைத்து, எண்ணெய் போட்டுத் தேய்த்துச் செய்தது. என் மகளுடையது கார்பன் ஃபைபர். கறுகறுவென்று, முறம் மாதிரி அகலப் பட்டை, ஒரு விரலில் தூக்கலாம். எது நல்லது என்று அவர்கள் இருவரும் எங்கள் முன்னால் சிரித்துக்கொண்டேதான் சண்டை போட்டார்கள். அதைப் பெரியவர்கள் நாங்கள் கையில் எடுத்துக்கொண்டோம்.

“கடையில விக்கிறத யாரு வேணும்னாலும் வாங்கலாங்க. கையால செஞ்சதுக்கு ஈடாகுமா?” என்றார் அந்தம்மா.

என் மகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆசை ஆசையாக வாங்கிய துடுப்பு அது. எனக்குச் சுருக்கென்றது. “செய்யறவங்க செஞ்சினு இருக்கட்டுங்க. உலகம் எங்கியோ போயிடுச்சு” என்றேன். இதில் என்ன வேடிக்கை என்றால், இருவருமே அதுவரை படகில் காலை வைத்தது கிடையாது.

அவர்கள் போனதும் இந்தச் சம்பந்தம் சரிப்படாது என்றேன். இவ்வளவு வாயுள்ள மாமியாரிடம் என் பெண்ணை அனுப்ப மாட்டேன். மகள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளோ, “நீ வேணாம்னா வேணாம்மா, நான் எதுத்துப் பேச மாட்டேன். ஒரே ஒரு வாட்டி ஏரிக்கு வந்து பாத்துட்டு அப்பறம் சொல்லு” என்றாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. சரி, போய்ப் பார்த்துவிட்டே வேண்டாம் என்று சொல்வோம் என்று கணவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏரியில் எங்கள் இரண்டு குடும்பத்தையும் தவிர யாரும் இல்லை. இருவர் உட்காரும் ஒரே ஒரு படகு, அந்த இரண்டு துடுப்பு. அம்மாக்கள் இருவரும் உட்காருங்கள், கரையிலேயே பிடித்துக்கொள்கிறோம், ஒரு போட்டோ எடுக்கலாம் என்றது பையனின் யோசனை. புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை இழுத்து மாட்டி உட்கார வைத்தார்கள். அந்தம்மா முன்னால், கையில் மரத் துடுப்பு. நான் பின்னால், கையில் கார்பன். “முன்னாடி இருக்கிறவங்க எப்படிப் போடறாங்களோ, அதே மாதிரிதான் பின்னாடி இருக்கிறவங்க போடணும்மா” என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

போட்டோ எடுப்பதற்காகப் பிள்ளைகள் படகை விட்டு இரண்டடி நகர்ந்திருப்பார்கள். அந்தம்மா சும்மா ஒரு தள்ளு தள்ளினார். நான் விடுவேனா? பலமாக ஒரு தள்ளு தள்ளினேன். அவர் இன்னொன்று. துடுப்பும் துடுப்பும் டக்கென்று மோதின. நான் வாரிய தண்ணீர் அவர் தலையில், அவர் வாரியது என் முகத்தில். பின்னாலிருந்து காற்று வேறு தள்ளியது. திரும்பிப் பார்த்தால் கரை எங்கேயோ இருக்கிறது. பிள்ளைகள் வரவும் வழியில்லை. படகும் எங்களிடம், துடுப்புகளும் எங்களிடம்.

கடைசியில் எதிர்க்கரைப் பக்கம் ஆகாயத்தாமரைக்குள் போய்ச் சொருகிக்கொண்டோம். “உங்களாலதான்” என்று இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தபோது, மேட்டில் ராகிக் காட்டுக்குள்ளிருந்து பட்டாசுச் சத்தம். ஆட்கள் ஹோவென்று கத்துகிறார்கள். அடுத்த நிமிஷம் ஒரு ஒற்றைக் கொம்பன் யானை, ஒரு அவசரமும் இல்லாமல், மேட்டிலிருந்து இறங்கி ஏரிக்கு வந்தது.

“யானை தண்ணிக்குள்ள வராதுங்க, இல்ல?” என்று கேட்டேன்.

“நல்லா நீஞ்சும் ரீ” என்றார் அந்தம்மா, திரும்பாமலே.

பதறிப்போய்த் துடுப்பைப் போட்டேன். என் அகலப் பட்டை தொப்பென்று தண்ணீரில் அறைந்தது. வெளியே எடுத்தால் ஒரு கூடைச் செடி அதில் தொங்குகிறது. யானை காதை விரித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது.

“மெல்லகே, மெல்லகே... சும்னிரி” என்றார். சும்மா இருங்கள் என்று என்னைச் சொல்கிறார்! வேறு நேரமாக இருந்தால் நடந்திருப்பதே வேறு. அப்போது துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய வாயையும் மூடிக்கொண்டேன்.

அவர் அந்த ஒல்லித் துடுப்பைச் செடிகளுக்கு நடுவே விட்டு மெதுவாக முன்பக்கம் தள்ளினார். சத்தமே இல்லை. செடியும் ஒட்டவில்லை. அவர் ஒன்றும் தெரிந்து செய்யவில்லை. ஆனாலும் படகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தது. வேட்டைக்குப் போனவர்கள் ஏன் இப்படிச் செய்து வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. இங்கே வேட்டைக்கு வந்தது நாங்கள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவில் அவர் கிசுகிசுத்தார்: “எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க. பின்னாடி இருக்கீங்க தானே?”

“இருக்கேங்க” என்றேன். அவருடைய லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஒரு கேள்வியில் அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது, இரக்கமாகவும் நெருக்கமாகவும் இருந்தது.

செடியை விட்டு வெளியே வந்து படகு திரும்பியதும் யானை துதிக்கையைத் தூக்கி ஒரு பிளிறு பிளிறியது. “இப்போ உங்களுது! போடுங்க!” என்று கத்தினார். போட்டேன் பாருங்கள்! முறம் அகலத்துக்குத் தண்ணீரை வாரித் தள்ளினேன். அவர் வலப்பக்கம் போட்டால் நானும் வலப்பக்கம், இடப்பக்கம் என்றால் இடப்பக்கம். துடுப்புகள் ஒருமுறைகூட மோதவில்லை. எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு போய்ச் சேற்றில் ஏறி, இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம்.

திரும்பிப் பார்த்தால் யானை எங்களைத் துரத்தவே இல்லை. இருந்த இடத்திலேயே நின்று முதுகில் தண்ணீர் ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தது. மகளும் பையனும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். என் கணவரும் எங்களைக் காப்பாற்ற இறங்கியிருந்தார், கையில் டிபன் கேரியரோடு.

இட்லி சாப்பிடும்போது மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தவிப்பு. அந்த அம்மாவைப் பார்த்து, “ஆயிரம் சொல்லுங்க, மரத் துடுப்பு மாதிரி வராதுங்க சம்பந்தி” என்றேன். சம்பந்தி என்று சொன்னதைக் கேட்டு மகள் மறுபடி அழுதாள்.

“என்னங்க பேசறீங்க? உங்க பொண்ணோட துடுப்பு இல்லேன்னா இன்னிக்கு வீடு சேந்திருப்போமா?” என்றார் அவர்.

“அதெப்படிங்க...” என்று நான் ஆரம்பித்தேன். கார் ஓசூர் வந்து சேரும் வரை விடவில்லை, இந்தத் தடவை ஆளுக்கு ஒரு பக்கம் மாறி.

கல்யாணம் நன்றாக நடந்தது. சம்பந்திக்கும் எனக்கும் இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு சண்டையாவது போனில் உண்டு. ஆனால் என் வாய் எல்லை தாண்டப் போகும்போதெல்லாம் அந்த ஆகாயத்தாமரை ஞாபகம் வருகிறது: துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் இருப்பவரைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் எங்கள் படகு முதல்முதலாக நாங்கள் நினைத்த பக்கம் நகர்ந்தது.