நாற்பத்தொரு கணினிகளும் யோகப்பிரியாவும்

யோகப்பிரியா கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வயது முப்பத்தெட்டு. மூணாறு பக்கம் சூரியநெல்லியில் ஒரு தேயிலைக் கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த வேலைக்கு அவள் ஒருத்திதான். கணினி நின்றுபோனால் எல்லோரும் தேடுவார்கள். ஓடிக்கொண்டிருந்தால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. கம்பெனி குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள்.

2025 அக்டோபரோடு விண்டோஸ் பத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும் என்றானதும், நாற்பத்தொரு கணினிகளையும் புதிய விண்டோஸுக்கு மாற்றத் திட்டம் போடச் சொன்னார் மேனேஜர் ஜின்சன். யார் எந்தக் கணினியில் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு தோட்டத்தின் எல்லா டிவிஷனுக்கும் படிவம் அனுப்பினாள். இரண்டு வாரம் ஆகியும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஜூன் மழையில் ஜீப் பிடித்து அவளே இடம் இடமாகப் போனாள்.

சின்னக்கானல் டிவிஷனில் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போடும் கொட்டகையில் அன்னாள் என்ற கிளார்க் இருந்தார்.

"ஒக்காருங்க மேடம். இப்படி நனைஞ்சு போயிட்டீங்களே" என்று பால் விடாத கட்டன்சாயா கொடுத்துவிட்டு, தராசோடு இணைத்த கணினியைக் காட்டினார். நான்கு எடைக் கொட்டகைகளிலும் ஓடும் அந்த நிரலை எழுதிக் கொடுத்த ஆட்கள் தொழிலை விட்டே பல வருடம் ஆகியிருந்தது. "இதுல எடை தப்புனா கொழுந்து பறிக்கிற பொம்பளைக என்னயத்தான் பிடிப்பாக."

ஒரு மணி நேரம் பேசினார்கள். தன் வேலையைப் பற்றி யோகப்பிரியா யாரோடும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

திட்டத்தைப் படித்த ஜின்சனுக்குப் பொறுமை இல்லை. "எல்லாம் ஒரு சனி, ஞாயிறுல மாத்திட்டா போதாதா?"

"எடைக் கொட்டகைல மொதல்ல ஒண்ணே ஒண்ணை மாத்தி ஒரு மாசம் பாக்கோணுமுங்க சார்."

"ஒரு மிஷினுக்காக ஒரு மாசமா?"

"அது ஓடலீன்னா அன்னிக்குப் பறிச்ச கொழுந்தெல்லாம் எடை போடாம நிக்குமுங்க. பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

ஜின்சன் திட்டத்தை மறுபடி புரட்டிவிட்டுச் சரி என்றார்.

ஆகஸ்டில் சின்னக்கானல் கணினியை மாற்றினாள். முதல் சாக்கைத் தராசில் ஏற்றியதும் திரையில் சைபர் காட்டியது. சாயங்காலம்வரை என்னென்னவோ செய்து பார்த்தாள். பழைய நிரல் அசையவில்லை. அன்னாள் அன்றைய எடை முழுவதையும் நோட்டில் எழுதினார். நான்கு கொட்டகைகளிலும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜின்சன் பிறகு கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சின்னக்கானலில் பழைய விண்டோஸையே திரும்பப் போட்டாள். அந்த நான்கையும், வெளியிலிருந்து எதுவும் நுழையாதபடி இணையக் கம்பியைப் பிடுங்கி, பழையபடியே ஓடவிட்டு, புது நிரல் வந்ததும் மாற்றுவது என்று திட்டத்தைத் திருத்தினாள். மற்ற முப்பத்தேழையும் மூன்று தவணையாக மாற்றி முடித்தாள்.

கடைசித் தவணை முடிந்த திங்கட்கிழமை, விடிந்ததும் வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியானம்வரை யாரும் கூப்பிடவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவளே அன்னாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எடையெல்லாம் சரியா வருதுங்களா?"

"வருதே. என்ன மேடம், ஏதும் கோளாறா?"

"இல்லீங்க. சும்மாதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் சாக்குகளை இறக்கும் சத்தம் கேட்டது. "கொழுந்து வந்துருச்சு மேடம். போனை வைக்கட்டுமா?"

"வைங்க அக்கா."

வேலை முடிந்தது என்று ஜின்சனுக்கு எழுதினாள். நன்றி என்று ஒரு வார்த்தை வந்தது. ஐந்து மணிக்கு ஆபீஸைப் பூட்டிவிட்டு நடந்தாள். நாளைக்குச் சின்னக்கானல் போய்வரலாமா என்று தோன்றியது. போவதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.