பீஸ் லில்லிக்கு நான் இருந்த காவல்

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டில் ஒரு கொலை முயற்சி நடந்தது. கொல்லப் பார்த்தது அத்தை. சாகக் கிடந்தது ஒரு பீஸ் லில்லிச் செடி. அப்படித்தான் நான் நம்பினேன்.

கோட்டூர்புரத்தில் சொந்த வீடு வாங்கிய கையோடு அப்பா கொட்டிவாக்கத்து நர்சரியிலிருந்து கொண்டுவந்த செடி அது. அகல அகலமான இலை, நடுவில் வெள்ளைப் பூ. அம்மா அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்து மகாலட்சுமி மாதிரி பார்த்துக்கொண்டாள். ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு ஊற்றுவாள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடிப் பழகியவள், ஒரு சொட்டை வீணாக்க மாட்டாள்.

அப்பாவின் தங்கை, புருஷனோடு ஒத்துப்போகாமல், ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த இரண்டாம் வாரம் செடி தலையைத் தொங்கப்போட்டது. இலை நுனியெல்லாம் கருகியது. அம்மா இன்னொரு சொம்பு சேர்த்து ஊற்றினாள். செடி இன்னும் நன்றாகப் படுத்துக்கொண்டது.

"வூட்டுக்கு யாரு வந்த நேரமோ," என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அடுப்புக்கா சொன்னாள்? அத்தை ஹாலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பதிலே பேசவில்லை. தப்பு செய்தவள்தான் வாய் திறக்க மாட்டாள் என்று நான் முடிவுகட்டினேன்.

அன்றிலிருந்து அத்தைக்கு நான் காவல். வீட்டுப்பாட நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பேன். லேசுப்பட்ட ஆளில்லை. அம்மா குளிக்கப் போனதும் நைசாகச் செடியிடம் போவாள். மண்ணுக்குள் விரலை விட்டு நோண்டுவாள். தொட்டியைத் தூக்கி, அடித்தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுவாள். அம்மா ஆசையாய் ஊற்றிய தண்ணீர்! போதாததற்கு, மேல்வீட்டு ஏசியிலிருந்து சொட்டுவதை ஒரு பெயின்ட் டப்பாவில் பிடித்துவைத்தாள். ஒருநாள் தொட்டியைப் பால்கனிக்குக் கொண்டுபோய், செடியைப் பிடுங்கி, கத்தரிக்கோலால் வேரை வெட்டினாள். நேராகப் போய்க் குளியலறைக் கதவைத் தட்டிப் போட்டுக்கொடுத்தேன்.

ஈரத்தலையோடு வந்து நின்றாள் அம்மா.

"இன்னா பண்ணிக்கினு கீற?"

"தண்ணி ஜாஸ்தியாயி வேரு அழுகிக் கீது அண்ணி. அந்த மெஷின் தண்ணியில உப்பு வேற..."

"அப்போ நான்தான் அழுக வச்சேனா?"

"ஐயோ, அப்டி சொல்லல அண்ணி."

"நீ காலு வச்ச நாள்லேர்ந்துதான் இது வாடிக்கினு கீது. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

அன்று சாயங்காலம் முழுக்க அப்பா பேப்பரின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே அத்தை அசோக் நகரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் பெட்டியைத் தூக்கினாள். போகுமுன் என் விரலைப் பிடித்துத் தொட்டி மண்ணில் அழுத்தினாள். "மண்ணு ஈரமா விரல்ல ஒட்டுனா ஊத்தாத. ஒட்டலன்னா டப்பாத் தண்ணி மட்டும் ஊத்து. வெயில்ல வெக்காத. இனிமே நானே பாத்துக்கறேன்னு அம்மாகிட்ட கேளு, உட்டுடுவாங்க."

இதிலும் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றே எனக்குப் பட்டது. குட்டு வெளிப்படட்டும் என்றுதான், அவள் சொன்னதில் ஒன்று விடாமல் செய்தேன். செடி செத்தால் பழி அவள்மேல்தானே.

செடி சாகவில்லை. பத்துப் பதினைந்து நாளில் ஓர் இலை நிமிர்ந்தது. அப்புறம் எல்லாம் நிமிர்ந்தன. இரண்டு மாதம் கழித்து ஒரு பூ வந்தது. அம்மா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டி, "பீடை போச்சு, செடி பொழைச்சிடுச்சு பாரு," என்றாள். தினமும் மண்ணில் விரல் விட்டவள் நான். ஆனாலும் அம்மா சொன்னதுதான் சரியென்று பட்டது. அத்தை போன பிறகுதானே நிமிர்ந்தது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் பண்ணினாள். அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னைக் கேட்டாள்.

"செடி எப்டி கீது கண்ணு?"

நல்ல சேதி சொல்லப்போகிற சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை. "பூ வுட்டுடுச்சு அத்த. நீங்க போனதும் நல்லாயிடுச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, போனோடு பால்கனிக்கு ஓடி, அதையே இன்னும் உரக்கத் திரும்பச் சொன்னேன்.